பதினோராவது அத்தியாயத்துக்கு முன்னால்

வந்திருந்தவர்கள்:

முப்பிடாதி, வியாபாரிகள் சங்கச் செயலாளர். காலடிப்பேட்டையில் ஹார்டுவேர் கடை. மாடி ஹாலின் சாவி அவரிடம்.

ஃபாத்திமா, பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரம். கூடவே மகள் நவ்ரீன், ஆறாம் வகுப்பு.

அன்புமணி, டிரைலர் டிரைவர். மகன் வரவில்லை, அவனுடைய ரேங்க் கார்டு வந்திருக்கிறது.

மகிமா, நான்காம் வகுப்புப் பெண்ணின் அம்மா.

சாலமோன், புத்தகம் சொல்பவன்.

வராதவர்: மலிகா, ரூஹியின் அம்மா.

கடைசி வரியை சாலமோன் யோசிக்காமல்தான் எழுதினான். வந்தவர் பெயரோடு வராதவர் பெயரும் நோட்டில் ஏற வேண்டும் என்பது முப்பிடாதி போட்ட சட்டம். சங்கக் கூட்டத்துக்கு வராத கடைக்காரர்களை மிரட்டுவதற்காக எப்போதோ போட்டது. பிள்ளைகள் புத்தகத்துக்கும் அதே சட்டம்தான்.

ஹாலில் ஒரு இரும்பு பீரோ. அதில் முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்கள். எல்லாம் எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு. படக்கதை சலித்துப்போய், பெரியவர்கள் புத்தகம் இன்னும் எட்டாத வயது. அத்தியாயம் அத்தியாயமாக ஓடும் கதைகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகள் வந்து மாற்றிக்கொண்டு போவார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு சாயந்திரம் நாலு மணிக்குப் பெற்றோர் வருவார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்று சாலமோன் சொல்வான். வாரத்தில் ஆறு நாள் எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட். வண்டி வராத நேரத்தில் கேட் கேபினில் உட்கார்ந்து இந்தப் புத்தகங்களைப் படிப்பான். இன்ஜினியரிங் காலேஜை மூன்றாம் வருடத்தில் விட்டவன். அதற்குப் பிறகு அவன் முழுதாக ஏதாவது செய்கிறான் என்றால் இது ஒன்றுதான் என்று அவனுடைய அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முழு விவரம் தெரியாது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். படித்து முடித்த பிள்ளை பெயரும் நாளும் போட்டு, இதை அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு வரி எழுத வேண்டும். 'பூனை வளக்கறவங்களுக்கு.' 'எங்க கணக்கு மிஸ்ஸுக்கு.' 'யாருக்கும் வேணாம், கலீஜ்.' அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பான் சாலமோன். பெரியவர்கள் சொல்லும் சிபாரிசை விட அது நம்பகமானது.

"தலைவா, ஒன்னு கேக்கறேன்." அன்புமணி ரேங்க் கார்டை மேசையில் வைத்தார். "இந்த சாப்டர் புக்கு படிச்சா மார்க்கு ஏறுமா?"

"ஏறாது."

"அப்பறம் இன்னாத்துக்கு?"

"மார்க்கு கொறையற அன்னிக்கு வூட்ல வாயத் தொறக்காம உக்கார ஒரு எடம் வேணும்ல. அதுக்கு."

"அப்ப எனக்கும் ஒன்னு குடு. எங்க வூட்ல எனக்கும் அந்த எடம் தேவப்படுது."

சிரிப்பு அடங்கியதும் மகிமா தன் குறையைச் சொன்னாள். மகள் முதல் பக்கத்திலேயே தூங்கிவிடுகிறாள். புத்தகம் அவளுக்குப் பெரிதா, சின்னதா, எப்படித் தெரிந்துகொள்வது?

"ஒரு பக்கத்த சத்தமா படிக்கச் சொல்லுங்கக்கா. மூச்சு வாங்குச்சுன்னா பெருசு. கடகடன்னு ஓடுச்சுன்னா சிறுசு. நடுவுல நின்னு உங்கள எதுனா கேள்வி கேட்டான்னா அதான் சரியான சைஸு. அப்பறம் பத்து வரி நீங்க படிங்க. நல்ல எடமா பாத்து நிறுத்திட்டு எந்திரிச்சிப் போயிருங்க."

"பத்து வரில நான்தான் தூங்கறேன்."

"அப்படின்னா உங்களுக்குத்தாம்மா சிறுசா ஒன்னு பாக்கணும்" என்றார் முப்பிடாதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறது. பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே கடை போட்டிருந்தது.

ஃபாத்திமாவின் முறை வந்தது. "பேய் புக்கு மட்டும் குடுக்காத தம்பி. பாத்ரூம் போவ என்னியும் எழுப்புது இது."

"பேய் புக்குக்கு நான் ஒன்னும் அழுவல" என்றாள் நவ்ரீன். "கப்பல் புக்குக்குத்தான் அழுதேன்."

கப்பல் புத்தகம் என்று பிள்ளைகள் சொன்னது 'பதினான்கு துறைமுகங்கள்' என்ற கதையை. ஒரு சிறுமிக்கு, கப்பலில் வேலை பார்க்கும் அப்பா ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் கடிதம் எழுதுவார். அத்தியாயத்துக்கு ஒரு துறைமுகம்.

"அதுல அழ இன்னா கீது?" என்றான் சாலமோன். "தீவு, புயலு, குரங்கு வளக்கற சமையக்காரன். எல்லாம் சிரிப்பாத்தான கீது."

"அதெல்லாம் ஒம்பது வரைக்கும்ணா. பதினொன்னுல தலைப்புலயே தொறமுகம் இல்லன்னு போட்டிருக்கும். அந்த அப்பா கப்பல்லயே இல்லண்ணா. ஜெயில்ல கீறாரு. அங்கருந்துதான் லெட்டரு எழுதறாரு. அம்மா போயி வாங்கியாந்து, தபால்ல வந்துச்சின்னு குடுக்குது."

சாலமோன் தெரிந்தது போலத் தலையாட்டினான். அவன் ஒன்பதாவது அத்தியாயம் வரைதான் படித்திருந்தான். அன்றைக்கு யார்டில் வரிசையாக வண்டி வந்துவிட்டது. மூடி வைத்தவன் பிறகு திறக்கவில்லை. அந்த பீரோவில் அவன் பாதியில் விட்ட புத்தகம் அது ஒன்று மட்டும் அல்ல. முதல் பாதி நன்றாக இருந்தால் மீதியும் நன்றாகத்தான் இருக்கும் என்ற கணக்கில் ஒன்றரை வருடமாக சிபாரிசு சொல்லிக்கொண்டிருந்தான்.

முப்பிடாதி நோட்டைத் திருப்பினார். "நல்ல கதையாத்தாம் இருக்கு. இப்பம் அந்தப் புத்தகம் யார்ட்ட இருக்கு?"

"ரூஹிகிட்ட. போன ஞாயித்துக்கெழம குடுத்தேன். அவ அத்தா கப்பல்ல கீறாருன்னு அவளே சொன்னா. பொருத்தமா இருக்கும்னு..."

மகிமா கீழே பார்த்தாள். அன்புமணி ரேங்க் கார்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஃபாத்திமா மகளின் தோளைத் தொட்டாள்.

"நவ்ரீனு, கீழ கடைல தண்ணி பாட்டிலு வாங்கியா."

"தண்ணி இங்கயே கீதுமா."

"கூலிங்கா வாங்கியா. போ."

பிள்ளை படியிறங்கும் சத்தம் ஓயும்வரை முப்பிடாதி காத்திருந்தார்.

"ரூஹி அப்பன் சவுக்கத்து அலி கப்பல்லயா இருக்கான்? புழல் ஜெயில்லல்லாவே இருக்கான். எட்டு மாசம் ஆச்சு."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"இதப் போயி மைக்கு வச்சா சொல்லுவாங்க? தெருவுக்கே தெரியும். பகல்ல முழிச்சிருந்தா உமக்கும் தெரிஞ்சிருக்கும்."

ஃபாத்திமாதான் மீதியைச் சொன்னாள். சௌக்கத் அலி டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தார். திருட்டுச் செம்புக் கம்பி ஏற்றி மாட்டிக்கொண்டார். தெரிந்துதான் ஏற்றினார் என்று கோர்ட் சொல்லிவிட்டது, மூன்று வருடம். மகளிடம் கப்பல் வேலை என்றே சொல்லி வைத்திருக்கிறாள் மலிகா. பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஹார்பரில் ஏஜெண்டைப் பார்த்து வருகிறேன் என்று சொல்லி புழலுக்குப் போவாள். அவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தைக் கொண்டுவந்து மகளிடம் கொடுப்பாள். ராயபுரம் தாண்டிக் கடலில் கால் வைத்திராத மனுஷன் புயலைப் பற்றியும் திமிங்கிலத்தைப் பற்றியும் எழுதுகிறார்.

"அதே கத" என்றாள் மகிமா மெதுவாக. "அப்படியே அதே கத."

சாலமோன் விரல் விட்டு எண்ணினான். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம், அதற்கு மேல் கூடாது என்பது பிள்ளைகளுக்கு அவன் சொல்லியிருந்த விதி. போன ஞாயிறு ஒன்று. இன்று எட்டு. பதினொன்று வர புதன்கிழமை ஆகும். மூன்று நாள் இருக்கிறது. ரூஹி சொன்னதைக் கேட்கிற பெண்தான்.

"மலிகாவுக்கு ஒரு போனு போடும்மா" என்றார் முப்பிடாதி. ஃபாத்திமா ஸ்பீக்கரில் போட்டாள். நாலு முறை மணி அடித்த பிறகு எடுத்தது ஒரு சின்னக் குரல்.

"அம்மா மிசின்ல கீதுக்கா. நூலு அந்துபோச்சின்னு திட்டினு கீது. இன்னா சொல்லணும்?"

"நீ இன்னாடி பண்ற?"

"கப்பல் புக்கு படிச்சினு கீறேன்."

ஃபாத்திமா "சரி, அப்பறம் பேசறேன்" என்று கட் செய்துவிட்டாள்.

தண்ணீர் பாட்டிலோடு நவ்ரீன் வந்தாள். பெரியவர்கள் முகத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். எதற்காகத் தன்னைக் கீழே அனுப்பினார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"நான்தான் தாள்ல எழுதினேனேண்ணா. நீங்க பாக்கலயா?"

பார்க்கவில்லை. போன ஞாயிறு அவன் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல முடித்துவிட்டு வந்திருந்தான். நவ்ரீன் புத்தகத்தை நீட்டினாள், பின்னால் ரூஹி நின்றாள், வாங்கிய கையோடு கொடுத்துவிட்டான்.

"ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்தான நீயும் படிச்ச?" என்று கேட்டான்.

"ரெண்டு நாள்ல முடிச்சிட்டேண்ணா. யாருண்ணா அப்பிடி படிப்பாங்க?"

அதற்கு மேல் அவன் அங்கே நிற்கவில்லை. பீரோவிலிருந்து கைக்கு வந்த ஒரு புத்தகத்தை மாற்றாகக் கொடுக்க எடுத்துக்கொண்டான். படியிறங்கும்போது முப்பிடாதி மேலிருந்து சொன்னார்: "ஓய், புத்தகத்த மட்டும் வாங்கிட்டு வாரும். வேற வாயத் தொறக்காதயும்."

எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரைலர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையாமல் நின்றன. ஞாயிறு என்றும் பார்க்காமல் ஹார்பர் வரைக்கும் வரிசை. மணலிப் பக்கமிருந்து காற்று வாடையைக் கொண்டுவந்தது. சாலமோன் வண்டிகளுக்கு நடுவே புகுந்து சந்துக்குள் திரும்பினான். என்ன பொய் சொல்வது என்று நடக்க நடக்கத் தேடினான். வேறு ஒரு பிள்ளை கேட்கிறது. பக்கம் கிழிந்திருக்கிறது. அட்டை போட வேண்டும். ஒவ்வொன்றையும் ரூஹியின் முகத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தான். எதுவும் நிற்கவில்லை.

மலிகாவின் வீடு முதல் மாடியில், படியை ஒட்டி ஒரே அறை. கதவு திறந்திருந்தது. தலையணை உறை மலை போலக் குவிந்திருக்க, அதற்குப் பின்னால் மிஷினில் மலிகா. வாசலில் சுவரில் சாய்ந்து ரூஹி. மடியில் புத்தகம். எட்டாவது அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு நூல் தொங்கியது. பதினொன்று இன்னும் வரவில்லை.

"வாங்கண்ணா" என்றாள் ரூஹி. எழுந்திருக்கவில்லை.

மிஷின் நின்றது. "இன்னா தம்பி, கூட்டத்துக்கு வரலன்னு வூடு தேடி வந்துட்டியா? நாளைக்குக் காலைல எறநூறு உறை குடுக்கணும். அதான் வரல."

"இல்லக்கா, அந்த புக்கு... அட்ட போடணும். அதுக்கு பதிலா இது." கொண்டுவந்ததை நீட்டினான். அப்போதுதான் அட்டையைப் பார்த்தான். பேய்க்கதை.

ரூஹி அதை வாங்கவில்லை. "பாதில புக்க வாங்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இது ஒரு தபா மட்டும்."

"அட்ட நல்லாத்தான கீது."

"கேட்டா குடுடி. அவுங்க புக்குதான?" மலிகா கையை நீட்டினாள்.

ரூஹி புத்தகத்தை மூடினாள். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்தாள். பிறகு அம்மாவின் கையைத் தாண்டி வந்து அவன் கையில் கொடுத்தாள்.

முப்பிடாதி சொன்னபடி அவன் அப்படியே இறங்கிப் போயிருக்கலாம். இரண்டு படி இறங்கவும் செய்தான். மலிகாதான் பின்னால் வந்தாள். வாசலுக்கு வெளியே, படியின் தலைப்பில் நின்றாள்.

"நில்லு தம்பி. மூஞ்சே செரியில்ல. ஞாயித்துக்கெழம ஓடியாந்து வாங்கினு போற அளவுக்கு அதுல இன்னா கீது?"

இதற்கு ஒரு பொய்யும் அவனிடம் இல்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான். கதையில் அப்பா கப்பலில் இல்லை என்பதை. எங்கே இருக்கிறார் என்பதை. கடிதத்தை யார் கொண்டுவருகிறார்கள் என்பதை. முடிவு வரைக்கும் தான் படிக்காமல் கொடுத்துவிட்டதை.

மலிகா அழவில்லை, கத்தவும் இல்லை. மேல்துணியை மட்டும் இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரர் மேட்டர உனக்கு யாரு சொன்னது?"

"சங்கத்துல. இன்னிக்கு."

"எல்லாரும் இருந்தாங்களா?"

அவன் புத்தகத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினான்.

"யார் யாரு?"

"முப்பிடாதி அண்ணாச்சி. ஃபாத்திமா அக்கா, நவ்ரீனு. அன்புமணி அண்ணன். மகிமா அக்கா."

"நோட்ல எழுதிட்டீங்களா?"

"வந்தவங்க பேரு மட்டும்."

"என் பேரு?"

"வராதவங்கன்னு."

"ம். நான் இல்லாதப்ப என் குடும்பத்த பேசிட்டு, நான் வரலன்னும் எழுதிக்கினீங்க." அவள் குரல் உயரவே இல்லை. "ஊரு பூரா தெரியும், எனக்கும் தெரியும். ஆனா எம் பொண்ணுக்கு முன்னாடி ஒரு ஜனம் வாயத் தொறந்ததில்ல. பால்காரன்லேந்து எல்லாரும் 'அத்தா எந்தத் தொறமுகத்துல கீறாரு'ன்னுதான் கேப்பாங்க. எட்டு மாசம். நீ ஒரு புக்குல போட்டுக் குடுத்துட்ட."

"இன்னும் அந்த எடத்துக்கு வரலக்கா. நூலு எட்டுலதான் கீது."

"பாத்து சொல்லு. முழுசா பாத்து சொல்லு."

அவன் திறந்தான். எட்டாவது அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் நூல். பக்கங்களைப் புரட்டினான். ஒன்பது. பத்து. பதினொன்று: 'துறைமுகம் இல்லை'. அந்தத் தாளின் ஓரம் மற்றதை விடக் கசங்கியிருந்தது. பழைய கசங்கலாக இருக்கலாம், நவ்ரீன் அழுத கசங்கலாக இருக்கலாம். பின்னட்டைக்குப் போனான். ஒரு வாரம் முன்பே அவன் பார்த்திருக்க வேண்டிய தாள்.

'நவ்ரீன். சனிக்கிழமை. அப்பா கூட கீறவங்களுக்கு மட்டும் குடுங்க.'

அதற்குக் கீழே வேறு கையெழுத்து. சின்னதாக, அழுத்தி எழுதியது.

'ரூஹி. செவ்வாய்க்கிழமை. யாருக்கு வேணா குடுங்க. எங்க அம்மாவுக்கு மட்டும் வேணாம்.'

செவ்வாய்க்கிழமை. ஐந்து நாள் ஆகிவிட்டது. ஐந்து நாளாக அந்த நூலை ஒவ்வொரு அத்தியாயமாக நகர்த்திக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இன்னா எழுதிக்கீது?" என்றாள் மலிகா. கழுத்தை நீட்டினாள். அவன் விரல் தானாகவே ரூஹியின் வரியின் மேல் போயிற்று.

மலிகாவின் முதுகுக்குப் பின்னால், கதவு நிலையில், ரூஹி நின்றுகொண்டிருந்தாள். தலையை ஆட்டவில்லை, கண்ணால் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பத்து வயதுப் பெண், கடைக்காரன் எடை போடுவதைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடலாம். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லிக்கொண்டு ஒரே அறைக்குள் இருப்பதை இந்தப் படியிலேயே முடித்துவிடலாம். ஆனால் அதைச் சொல்ல இவன் யார்? முடிவு தெரியாமல் ஒரு முறை கை வைத்தது போதாதா? சொன்ன பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கும் என்பது, படிக்காத மீதி ஐந்து அத்தியாயத்தைப் போலவே, அவனுக்குத் தெரியாது.

"நவ்ரீன் எழுதினது. நல்லா கீதுன்னு."

"இவ?"

"முடிச்சாத்தான் எழுதணும். எட்டுல கீறா. வரல."

மலிகாவின் தோள் இறங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கீழே யாரோ குடத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"செரி. எடுத்துனு போ." பேய்க்கதையை அவன் கையில் திருப்பித் திணித்தாள். "இதுவும் வேணாம். இனிமே அவள அனுப்ப மாட்டேன் தம்பி. தப்பா எடுத்துக்காத. எந்த புக்குல எவன் இன்னா எழுதி வெச்சிருக்கானோ, நான் எங்க போயி பாப்பேன்? எனக்கு மிசினு கீது."

"நான் படிச்சிட்டே குடுக்கறேன்க்கா. கடைசி வரைக்கும் படிச்சிட்டு."

"நீ படிப்பியோ, தூங்குவியோ."

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். "உள்ள போடி. வாசல்ல இன்னா வேல உனக்கு?"

ரூஹி நகரவில்லை. "அண்ணா."

"இன்னா?"

"அந்த புக்க நீங்க முடிச்சிட்டீங்களா?"

"இல்ல."

"முடிங்க" என்றாள். அம்மாவுக்கு அதில் எதுவும் விளங்கியிருக்காது. பிறகு ரூஹி உள்ளே போய், தலையணை உறைக் குவியலுக்குப் பக்கத்தில், இவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். ஒரு உறையை எடுத்து ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மணி இன்னும் ஆறு ஆகவில்லை. அந்தச் சந்தில் அந்த நேரத்தில் யாரும் கதவைச் சாத்துவதே இல்லை. மலிகா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. அது போதாதென்று பட்டது போல, சாவி உள்ளே போய் இரண்டு முறை திரும்பியது.